நாகர்கோவிலில் இரண்டு இரவு: குடும்பத்தோடு குமரி மாவட்டம் வருபவர்களுக்கு

கன்னியாகுமரிக்குப் போய்வந்தோம் என்று சொல்லும் பல குடும்பங்கள் உண்மையில் பார்த்திருப்பது ஒரே ஒரு கிலோமீட்டர் கடற்கரையைத்தான். ராத்திரி வந்து இறங்குவார்கள். விடியலில் லாட்ஜ் மாடியில் நின்று சூரியனைப் பார்ப்பார்கள். படகேறிப் பாறைக்குப் போய்வந்து, சங்கும் பாசிமாலையும் வாங்கிக்கொண்டு மதியமே ராமேஸ்வரத்துக்கோ மதுரைக்கோ கிளம்பிவிடுவார்கள். அந்தக் கடற்கரைக்குப் பின்னால் ஒரு முழு மாவட்டம் இருக்கிறது. வேறெங்கும் சேர்ந்து பார்க்க முடியாத விசித்திரங்கள் எல்லாம் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடக்கின்றன.

தமிழ்நாட்டுக்குள் நின்றுகொண்டே கேரள அரசின் பராமரிப்பில் இருக்கும் ஓர் அரண்மனை. ஓலைக்கூரை வேய்ந்த கருவறை. சிலை இல்லாமல் கண்ணாடியின் முன் நின்று கும்பிடும் பதி என்ற வழிபாட்டிடம். ஆற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் ஓடும் வாய்க்கால். தன்னைச் சிறைபிடித்த ராஜாவுக்கே படைத்தலைவனாகி இங்கேயே மண்ணுக்குள் போன ஒரு டச்சுக்காரரின் கல்லறை. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேரும்வரை இது மலையாளக் கரையோடு இருந்த பூமி. அதனால் சாப்பாடு, கோயில் முறை, பேச்சு எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் கலந்திருக்கும்.

குழந்தைகள், வயதான அப்பா அம்மாவோடு இரண்டு இரவு, மூன்று பகல் வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்று விஷயங்களை முதலிலேயே முடிவு செய்துவிட்டால் மீதியெல்லாம் எளிது. கன்னியாகுமரியில் தங்காமல் நாகர்கோவிலில் தங்குங்கள். ஒரு நாளுக்கு ஒரு திசை மட்டும் போங்கள். நடு மதியத்தில் ஊர் சுற்றாதீர்கள்.

ஏன் நாகர்கோவில்

மாவட்டத் தலைநகர் நாகர்கோவில். கன்னியாகுமரி இங்கிருந்து கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர். பத்மநாபபுரம் அரண்மனை மேற்கே ஏறக்குறைய அதே தூரம். நடுவில் இருப்பதால் எந்தப் பக்கம் போனாலும் சாயங்காலம் அறைக்குத் திரும்பிவிடலாம், தினமும் பெட்டி கட்டி அவிழ்க்கும் வேலை இல்லை. கன்னியாகுமரி லாட்ஜுகளில் விடுமுறை நாட்களிலும் சபரிமலை சீசனிலும் வாடகை ஏறிவிடும். நாகர்கோவில் அப்படியில்லை. இது வியாபாரமும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நிறைந்த சாதாரண ஊர், சுற்றுலாப் பயணியை நம்பிப் பிழைக்கிற ஊர் இல்லை. குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தாலும் டாக்டரைத் தேடி அலைய வேண்டாம்.

அறை எடுக்கும்போது வடசேரி, மீனாட்சிபுரம் இரண்டில் ஒன்றின் அருகே பாருங்கள். வடசேரியில் இருப்பது வெளியூர்ப் பேருந்து நிலையம். மதுரை, திருவனந்தபுரம் வண்டிகள் அங்கே. மீனாட்சிபுரத்தில் அண்ணா பேருந்து நிலையம். சுற்றுவட்டார டவுன் பஸ்கள் அங்கே. இரண்டுக்கும் நடுவே ஆட்டோவில் சில நிமிடம்தான். ஊருக்குள் ரோடு குறுகல். காலை பள்ளி நேரத்திலும் சாயங்காலமும் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு நகரும், அதற்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

எப்போது, எப்படி

இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனில் தென்மேற்குப் பருவம், அக்டோபரில் வடகிழக்கு. அதனால்தான் இவ்வளவு பச்சை. குழந்தைகளோடு வர ஜனவரிப் பிற்பாதியும் பிப்ரவரியும் நல்ல மாதங்கள். வெயில் தாங்கும், கடலும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஆகஸ்டு, செப்டம்பரில் வந்தால் அருவியில் தண்ணீர் இருக்கும், ஆனால் குடை கையிலேயே இருக்கட்டும். கார்த்திகை ஒன்று முதல் மகர விளக்கு வரை சபரிமலை போய்வரும் ஐயப்ப பக்தர்கள் கன்னியாகுமரியில் நிறைந்திருப்பார்கள். படகு வரிசை மணிக்கணக்கில் நீளும். முடிந்தால் அந்த இரண்டு மாதத்தைத் தவிருங்கள்.

கிழமைதான் இன்னும் முக்கியம். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள்கிழமை விடுமுறை. ஞாயிறும் திங்களும் சேர்த்து வந்து, பூட்டிய வாசலில் நின்று திரும்புகிறவர்களை ஒவ்வொரு வாரமும் பார்க்கலாம். வெள்ளி காலை வந்து ஞாயிறு மாலை கிளம்புவது சரியாக இருக்கும். ஒரு நாள் கூடுதல் லீவு கிடைத்தால் வியாழன் வந்து, கன்னியாகுமரியை ஒரு வேலை நாளில் முடித்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் இரவு ரயில். விடியலில் நாகர்கோவில் சந்திப்பில் இறங்கலாம். 2024 ஆகஸ்டு 31 முதல் எழும்பூர்–நாகர்கோவில் வந்தே பாரத் ஓடுகிறது. காலையில் ஏறினால் பிற்பகலில் வந்துவிடும். குழந்தைகளுக்குப் பகல் ரயில் பிடிக்கும். ஆரல்வாய்மொழி நெருங்கும்போது ஜன்னலோரம் உட்காரச் சொல்லுங்கள். முப்பந்தல் காற்றாலைகள் ரயிலின் இருபுறமும் வரும், கூடவே மலை நெருங்கி வரும். ஒரு எச்சரிக்கை: நாகர்கோவில் சந்திப்பு, நாகர்கோவில் டவுன் என்று இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. சில ரயில்கள் டவுனில் மட்டும் நிற்கும். டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு ஆட்டோ பேசுங்கள். விமானத்தில் வருகிறவர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம், காரில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே குறையப் பிடிக்கும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஆண்களுக்கு ஒரு வேட்டியும் துண்டும். இங்கே பெரிய கோயில்கள் பலவற்றில் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சின்னப் பையன்களிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் வாசலில் அழுகை இருக்காது. எல்லோருக்கும் சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய செருப்பு. கோயில், அரண்மனை, விவேகானந்தர் பாறை எல்லா இடத்திலும் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். லேஸ் கட்டிய ஷூவோடு வந்தால் பொழுதெல்லாம் குனிந்து நிமிர்வதிலேயே போய்விடும். அருவிக்கு ஒரு செட் துணி, தொப்பி, தண்ணீர் பாட்டில். அப்புறம், பயணத்தில் தலைசுற்றும் குழந்தை இருந்தால் அதற்கான மாத்திரை. அருவிக்குப் போகும் குலசேகரம் பக்கத்து ரோடு வளைந்து வளைந்து போகும்.

முதல் நாள்: ஊரும் சுசீந்திரமும்

இரவு ரயிலில் வந்த குடும்பத்தை அன்றைக்கே நீண்ட தூரம் இழுக்காதீர்கள். குளித்து, சாப்பிட்டு, ஒன்பது மணி வாக்கில் நாகராஜா கோயிலுக்குப் போங்கள். ஊருக்குப் பெயர் கொடுத்த கோயில் இது. மூலவர் நாகராஜா இருக்கும் கருவறைக்கு ஓலைதான் கூரை. பிரசாதமாகத் தருவது அந்தக் கருவறை மண். ஆறு மாதம் கறுப்பாகவும் ஆறு மாதம் வெளுப்பாகவும் அந்த மண் மாறும் என்பது ஊர் நம்பிக்கை. வளாகத்தில் வரிசையாக நிற்கும் நாகர் கல்களுக்குப் பெண்கள் பாலும் மஞ்சளும் ஊற்றுவார்கள். தூண்களைக் கவனமாகப் பார்த்தால் மகாவீரரும் பார்சுவநாதரும் தெரிவார்கள். ஒரு காலத்தில் இது சமணர் கோயிலாக இருந்திருக்கிறது. தலைக்கு மேல் நாகம் படமெடுத்த உருவம் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள், அரை மணி நேரம் போனதே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை, அதுவும் ஆவணி ஞாயிறு என்றால் கூட்டம் நெரியும். வெள்ளிக்கிழமை சௌகரியம்.

அங்கிருந்து கோட்டாறு பக்கம். புனித சவேரியார் பேராலயத்தில் தேவசகாயத்தின் கல்லறை இருக்கிறது. திருவிதாங்கூர் அரண்மனையில் வேலைபார்த்து, கிறிஸ்தவராகி, ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2022 மே 15 அன்று வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. மறுநாள் நீங்கள் பார்க்கப்போகும் அரண்மனைக்கும் கோட்டைக்கும் இந்தக் கதையோடு உறவு உண்டு, அதனால் முதலில் இங்கே வந்துவிடுவது நல்லது.

பன்னிரண்டு மணிக்கு மேல் கோயில்கள் எல்லாம் நடை சாத்திவிடும். சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

நாலரை மணிக்கு சுசீந்திரம். நாகர்கோவிலிலிருந்து ஆறு கிலோமீட்டர்தான், அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து பஸ் நிறைய உண்டு. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. தாணுமாலயன் கோயில் சிவன், திருமால், பிரம்மா மூவருக்கும் ஒரே லிங்கத்தில் பூசை நடக்கும் இடம். 134 அடி ராஜகோபுரம் தெப்பக்குளத்தில் கவிழ்ந்து தெரியும். உள்ளே நீண்ட பிரகாரத்தில் நடந்து போய்த் திரும்பினால் 18 அடி ஆஞ்சநேயர் நிற்பார். சின்னக் குழந்தைகள் வாயடைத்துப்போவது அவர் முன்னால்தான். தட்டினால் இசைக்கும் ஒற்றைக்கல் தூண்கள் இருக்கின்றன. பல கை பட்டுத் தேய்ந்த கல் அது. பார்த்தால் போதும், தட்டிப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். பெண் உருவில் பிள்ளையார் செதுக்கிய தூண் ஒன்றும் உண்டு. கண்டுபிடிக்க முடியாவிட்டால் அங்கே பூ விற்கும் அக்காக்களைக் கேளுங்கள், கைகாட்டிவிடுவார்கள்.

கோயிலுக்குப் பக்கத்துக் குளமும் தேரூர்க் குளமும் சேர்ந்து 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தன. குளிர்காலத்தில் வந்தால் கோயிலுக்கு முன்னால் ரோட்டோரம் நிறுத்திப் பறவைகளைப் பாருங்கள். கவிமணி பிறந்த ஊர் அந்தத் தேரூர்.

இரண்டாம் நாள்: மேற்கே

இதுதான் பயணத்தின் முக்கிய நாள். ஒரு காரை முழு நாளுக்கும் பேசிவிடுங்கள். பஸ்ஸிலும் போகலாம், ஆனால் பெரியவர்களோடு தக்கலையில் ஒரு முறை, குலசேகரத்தில் ஒரு முறை மாறி ஏறுவது சிரமம். வாடகை பேசும்போது எல்லா இடத்தின் பெயரையும் முன்பே சொல்லிவிடுங்கள். "அங்க போக மாட்டம்ணே" என்று பாதி வழியில் கேட்க வேண்டிவராது.

அதிகாலையில் எழும் ஆள் வீட்டில் யாராவது இருந்தால், மற்றவர்கள் தூங்கும்போதே தோவாளைக்கு ஒரு நடை போய்வரலாம். திருநெல்வேலி ரோட்டில் பத்து கிலோமீட்டர். பூச்சந்தை விடியும் முன்பே தொடங்கிவிடும். பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி, கொழுந்து, கேந்தி எல்லாம் மூட்டை மூட்டையாக இறங்கும். கேரளத்துக்கு இங்கிருந்துதான் பூ போகிறது, ஓணம் நெருங்கினால் சந்தையில் கால் வைக்க இடமிருக்காது. அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்து மடித்துக் கட்டி, பாய் விரித்ததுபோல் தட்டையாக வரும் மாணிக்க மாலை இந்த ஊர்க் கைவேலை. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கட்டுகிறவர்களின் விரலைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஏழரைக்குள் அறைக்குத் திரும்பிவிடலாம்.

ஒன்பது மணிக்குப் பத்மநாபபுரம் அரண்மனை திறக்கும்போதே அங்கே இருங்கள். தக்கலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர். திருவிதாங்கூரின் பழைய தலைநகரம் இது. மாவட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தபோதும் அரண்மனை கேரளத்தின் கையிலேயே இருந்துவிட்டது. டிக்கெட் கொடுப்பவர், வழிகாட்டி, காவலர் எல்லோரும் அந்த அரசின் ஊழியர்கள். நீங்கள் தமிழில் பேசலாம், நன்றாகவே புரியும்.

பளிங்கும் தங்கமும் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முதல் பார்வையில் சாதாரண வீடு மாதிரி இருக்கும். முழுக்க மரம். அவசரப்படாமல் நடங்கள். நுழைவாயிலின் கூரையில் 90 வகைப் பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. அங்கே தொங்கும் குதிரை விளக்கைத் திருப்பி விட்டால் அந்தத் திசையிலேயே நிற்கும். தரை கறுப்புக் கண்ணாடியாக மின்னும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு எல்லாம் சேர்த்து மெழுகிய தரை, இத்தனை காலம் கழித்தும் முகம் தெரிகிறது. ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பந்தி போட்ட ஊட்டுப்புரை, மூலிகை மரங்களால் செய்த ராஜாவின் கட்டில், எடைக்கல் இழுக்க ஓடும் பழைய மணிக்கூண்டுக் கடிகாரம், தாழ்ந்த வாசற்படிகள். உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மரப்படிகள் செங்குத்து. முட்டிவலி உள்ள பாட்டியைக் கீழ்த்தளத்தோடு நிறுத்தி, முற்றத்துத் திண்ணையில் உட்காரவைத்துவிடலாம். இரண்டு மணி நேரம் வேண்டும். மதியம் இடைவேளைக்கு மூடிவிடுவார்கள், அதனால்தான் காலையிலேயே வரச்சொல்கிறேன்.

நவராத்திரிக்கு முன் வந்தால் இன்னொரு காட்சி. இங்கிருக்கும் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போவார்கள். தலைநகரம் இடம்மாறிப் பல தலைமுறை ஆனபிறகும் ஒன்பது நாள் பூசைக்கு இங்கிருந்துதான் சாமி போக வேண்டும். இரண்டு மாநிலப் போலீசும் கூடவே நடப்பார்கள்.

அரண்மனையிலிருந்து திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு அதே ராஜாவின் படையைப் பழக்கித் திருவிதாங்கூரின் தளபதியானார். நேற்று கோட்டாறில் கல்லறை பார்த்த தேவசகாயத்துக்குக் கிறிஸ்தவத்தைச் சொல்லிக்கொடுத்தவரும் இவர்தான். 1777இல் இறந்த அவர் இந்தக் கோட்டைக்குள் ஒரு இடிந்த தேவாலயத்தில் கிடக்கிறார். கல்லறைக் கல்லில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. கோட்டைக்குள் மரநிழல் நிறைய, பிள்ளைகள் ஓடி விளையாட நல்ல இடம். அரை மணி நேரம் போதும்.

பிறகு நேராகத் திற்பரப்பு அருவி, ஒரு மணி நேர ஓட்டம். வழியெல்லாம் ரப்பர் தோட்டம். உச்சி வெயிலை அருவியில் கழிப்பதுதான் இந்த நாளின் சூட்சுமம். கோதையாறு சுமார் 50 அடியிலிருந்து பரந்து விழும். குற்றாலத்தைப் போல் தலையில் அடிக்கும் வேகம் இல்லாத பகுதிகளும் உண்டு. பெண்களுக்குத் தனி இடம், குழந்தைகளுக்கு ஆழமில்லாத குளம் இருக்கின்றன. மேலே பேச்சிப்பாறை அணையில் உபரி நீர் திறந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். மழைக்காலத்தில் கிளம்பும் முன் காலைச் செய்தியைப் பார்த்துவிடுங்கள். அருவிக்கு மேலே இருக்கும் மகாதேவர் கோயில், சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களில் ஒன்று. சிவராத்திரிக்குக் காவி கட்டி, கையில் விசிறியோடு, "கோவிந்தா, கோபாலா" என்று கூப்பிட்டபடி சிவன் கோயில்களுக்கு ஓடுகிறவர்களை வேறெங்கே பார்ப்பீர்கள்?

மூன்றரை, நாலு மணிக்கு மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றின் மேல், இரண்டு குன்றுகளுக்கு நடுவே, 28 தூண்களின் மேல் நிற்கும் வாய்க்கால் இது. வறண்டு கிடந்த பக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகக் காமராசர் முதல்வராக இருந்தபோது திட்டமிட்டு, 1966இல் கட்டி முடித்தது. தொட்டிக்குப் பக்கத்திலேயே நடைபாதை. இடதுபுறம் ஓடும் தண்ணீர், வலதுபுறம் தென்னந்தலைகளுக்குக் கீழே ஆறு. குழந்தையின் கையை விடாதீர்கள், கைப்பிடிச்சுவரில் ஏற்றி நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். உயரம் பயமென்றால் பாதியில் திரும்பிவிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கீழே ஆற்றங்கரைக்கு இறங்கப் படிகள் இருக்கின்றன. அங்கே நின்று நிமிர்ந்து பார்த்தால்தான் அந்தத் தூண்களின் உயரம் புரியும். ஒரு பாசன வாய்க்காலை இவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறார்களே என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் பெருமையாக இருக்கும்.

தெம்பிருந்தால் பக்கத்துத் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலோடு நாளை முடிக்கலாம். 22 அடி நீளத்தில் பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் முழுதாகப் பார்க்க முடியும். நான்கு நூற்றாண்டுக்கும் மேல் இடைவெளி விட்டு, 2022 ஜூலையில்தான் இங்கே குடமுழுக்கு நடந்தது. பிள்ளைகள் வண்டியிலேயே தூங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

கல்லும் சரித்திரமும் பிடித்த குடும்பம் என்றால் அருவிக்குப் பதில் மார்த்தாண்டம் பக்கத்துச் சிதறால் மலைக்கோயிலுக்குப் போகலாம். ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் பாறையில் வரிசையாக இருக்கின்றன. ஆனால் மலை ஏற வேண்டும், முதியவர்களுக்குச் சரிவராது.

மூன்றாம் நாள்: கன்னியாகுமரி

நாலே முக்காலுக்கு எழுந்து கிளம்புங்கள். காலண்டரில் போட்டிருக்கும் சூரிய உதய நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே கரையில் இருக்க வேண்டும். வானம் நிறம் மாறுவதுதான் அழகு. அது முடிந்ததும் பகவதி அம்மன் கோயில். சூரியனும் அம்மனும் முடிந்து காலைச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு ஏழரைக்குள் படகுத்துறை வரிசையில் நில்லுங்கள். பூம்புகார் கப்பல் கழகத்தின் படகுகள் எட்டு மணிக்குத் தொடங்கும். சாதாரண டிக்கெட் ஒன்று, வரிசையில் நிற்காமல் போகும் அதிக விலை டிக்கெட் ஒன்று. கைக்குழந்தையோ பெரியவர்களோ இருந்தால் கூடுதல் காசு கொடுப்பதில் தவறில்லை.

விவேகானந்தர் 1892 டிசம்பர் 25, 26, 27 மூன்று நாளும் தியானித்த பாறை அது. நினைவு மண்டபம் 1970இல் எழுந்தது. பக்கத்துப் பாறையில் வள்ளுவர். முன்பெல்லாம் நீர்மட்டம் தாழ்ந்தால் வள்ளுவர் சிலைக்குப் படகை நிறுத்திவிடுவார்கள், பலர் தூரத்திலேயே பார்த்துத் திரும்புவார்கள். 2024 டிசம்பர் 30 அன்று இரண்டு பாறைகளையும் இணைத்து 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்தபின் அந்தக் குறை தீர்ந்தது. காலுக்குக் கீழே அலை மோதுவது தெரியும். வள்ளுவர் 133 அடி என்பது எல்லோருக்கும் தெரியும். பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள். அதன்மேல் சிலை 95 அடி, பொருளும் இன்பமும். இதைப் பிள்ளைகளிடம் அங்கே நின்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பத்தரைக்குள் இறங்கிவிடுங்கள். அதற்குமேல் பாறையில் வெறுங்கால் வைக்க முடியாது.

காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 நண்பகலில் அஸ்திக் கலசம் இருந்த இடத்தில் வெயில் விழும்படி கூரையில் துவாரம் வைத்திருக்கிறார்கள். பத்து நிமிடம் போதும். சங்குக் கடைகளுக்கும் அவ்வளவே போதும் என்பது என் கருத்து.

நாகர்கோவிலுக்குத் திரும்பும் வழியில் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் சாமித்தோப்பு. அய்யாவழியைத் தோற்றுவித்த அய்யா வைகுண்டரின் தலைமைப் பதி. உள்ளே சிலை கிடையாது, கண்ணாடிதான். ஆண்கள் சட்டையைக் கழற்றித் தலையில் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டுதான் நுழைய வேண்டும். தலைப்பாகை கட்டுவதும் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்குவதும் சிலருக்கு மட்டுமே உரிமை என்று இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஒடுக்கப்பட்டவர்களைத் தலை நிமிர்ந்து வரச்சொன்ன இடம் இது. நெற்றியில் வெள்ளை நாமம் இட்டுவிடுவார்கள். இந்த மாவட்டத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் வளர்ந்த பிள்ளைகளை நான் இங்கேதான் கூட்டிவருவேன்.

சாப்பாடு

ஹோட்டலில் போய் உட்கார்ந்ததும் நாணும் பன்னீரும் கேட்காதீர்கள். காலையில் புட்டு, கூடவே சிறுபயறும் பப்படமும் மட்டி வாழைப்பழமும் வைத்துப் பிசைந்து சாப்பிடும் ஊர் இது. ஆப்பம், இடியாப்பம் உண்டு. டீக்கடையில் ரசவடை கிடைத்தால் இரண்டு சாப்பிடுங்கள். சாயங்காலம் ஏத்தன் (நேந்திரம்) பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழபஜ்ஜியும் கருப்பட்டிக் காப்பியும்.

மதியச் சாப்பாட்டில் கேட்டால் சிவப்புச் சம்பா அரிசிச் சோறு போடுவார்கள். பருப்பும் நெய்யும் முதலில், அப்புறம் சாம்பார், புளிசேரி, ரசம். தொடுகறியில் அவியலும் எரிசேரியும் இருக்கும். உள்ளித் தீயல் இருந்தால் விடாதீர்கள். தேங்காயைக் கறுக்க வறுத்து அரைத்த குழம்பு. தேங்காய் எண்ணெய் மணம் பழக்கமில்லாத வயிறு என்றால் முதல் நாள் குறைவாகச் சாப்பிடுங்கள், இரண்டாம் நாள் தானாகப் பழகிவிடும். மீன் சாப்பிடுகிறவர்கள் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் கட்டாயம் சாப்பிட வேண்டும். வேகவைத்த கிழங்கைத் தேங்காயோடு மசித்து, மேலே சிவந்த சாளை (மத்தி) மீன் கறி. நெத்திலி அவியல் என்று எழுதியிருந்தால் அதையும் கேளுங்கள். குழந்தைகளுக்குக் காரம் அதிகமாகத் தோன்றினால் "கொஞ்சம் மோர் தாங்கண்ணே" என்றால் வந்துவிடும். தை பிறந்தபின் சில மாதங்களுக்கு ரோட்டோரம் அக்கானி விற்பார்கள். பதநீர்தான். காலையில் மட்டும் குடியுங்கள், வெயில் ஏறினால் புளித்துவிடும்.

கடல் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை

சாயங்காலம் கடற்கரைக்குப் போக சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் எல்லாம் அருமையான இடங்கள். முட்டத்தில் பாறைகளும் கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. பாருங்கள், மணலில் விளையாடுங்கள். கடலில் இறங்கிக் குளிக்க மட்டும் வேண்டாம். இந்தக் கரையில் ஆழம் திடீரென்று விழும். ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் என்று ஒன்று வரும். தூரத்துத் தெற்குக் கடலில் எழும் புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நல்ல நாளில் சொல்லாமல் கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அப்படித்தான் கடல் கொண்டுபோனது. எச்சரிக்கைப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கரையில் வலை உலர்த்தும் ஆட்கள் வேண்டாம் என்று சொன்னால் உடனே பின்னால் வாருங்கள். பாறையில் பாசி படிந்திருக்கும், முட்டத்தில் அலை நனைக்கும் பாறை வரை போகாதீர்கள்.

திரும்பும்போது

ரயிலுக்கு முன் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தைக் கடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏத்தங்காய் சிப்ஸைக் கண்ணெதிரே தேங்காய் எண்ணெயில் பொரித்துத் தரும் கடையில் வாங்குங்கள். சூடு ஆறிய பின்தான் பொட்டலத்தை மூடச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஊர் போய்ச் சேர்வதற்குள் நமுத்துவிடும். முந்திரிக்கொத்து பத்து நாள் தாங்கும். மட்டிப் பழத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு, கைக்குழந்தைக்கும் கொடுப்பார்கள். ஆனால் தோல் மெல்லிசு, பழுத்ததை வாங்கினால் பையிலேயே நசுங்கிவிடும். "நாளைக்கு ஊர்ல போய்ப் பழுக்கிற மாதிரி தாங்க" என்று கேட்டால் கடைக்காரரே குலையில் பார்த்து வெட்டித் தருவார். பரதநாட்டியம் படிக்கும் பெண்பிள்ளை வீட்டில் இருந்தால் வடசேரியில் கோயில் நகை செய்யும் பட்டறைகளை விசாரியுங்கள். நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம் என்று ஆட்டத்துக்கான சிவப்புக்கல் நகைகள் தலைமுறையாக இங்கே செய்கிறார்கள். செய்து தர நாள் கேட்பார்கள், அதனால் கடைசி நாளில் போகாமல் முதல் நாள் சாயங்காலமே அளவு கொடுத்துவிடுங்கள்.